ஜென்டில், மைல்ட், சாஃப்ட், டெண்டர்: எல்லாவற்றுக்கும் 'மென்மை' போட்டால் போதுமா?

வைகைக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. பகுதி நேரமாக மொழிபெயர்ப்பு வேலை செய்கிறேன், ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு. ஷாம்பு பாட்டில், வாஷிங் மெஷின் கையேடு, மெத்தை விளம்பரம், ஆஸ்பத்திரிக் காகிதம் என்று எது வந்தாலும் எடுத்துக்கொள்வேன். போன வாரம் அனுப்பிய ஒரு கட்டு அப்படியே திரும்பி வந்தது. சரிபார்ப்பவர் சிவப்பில் வட்டம் போட்டிருந்தார், மொத்தம் 14 வட்டம். பதினாலுக்குள்ளும் ஒரே சொல்: மென்மை. ஓரத்தில் ஒரே ஒரு வரி: "தமிழில் வேறு சொல்லே இல்லையா?"

கோபம் வந்தது. அப்புறம் மூலத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் அவர் கேட்டதில் தப்பில்லை. ஜென்டில், மைல்ட், சாஃப்ட், டெண்டர், டெலிகேட் என்று ஐந்து வெவ்வேறு சொற்கள். நான் ஐந்தையும் ஒரே மாவில் வார்த்திருக்கிறேன்.

சிரிக்க மாட்டீர்கள் என்றால் இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு டிஸ்சார்ஜ் சம்மரியில் "அப்டமன் சாஃப்ட், நான்-டெண்டர்" என்று இருந்தது. நான் எழுதியது: "வயிறு மென்மையாக உள்ளது, கனிவு இல்லை."

அகராதியைப் பார்த்தால் ஜென்டிலுக்கு மைல்ட் என்கிறது, மைல்டுக்கு ஜென்டில் என்கிறது. தெரிந்தவர்கள் கொஞ்சம் உட்கார்ந்து சொல்லுங்கள்.

---

வார்டு நம்பர் 7

கனிவு இல்லாத வயிறு! இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருக்கிறேன் தம்பி, இப்படி ஒரு வயிற்றைப் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோயாளி தானாகச் சொல்வது வலி. டாக்டர் கை வைத்து அழுத்தும்போது தெரிவதுதான் டெண்டர்னஸ். ரெண்டும் ஒன்றில்லை. வலி வலி என்று அலறுகிறவருக்கு அழுத்தினால் ஒன்றுமே இருக்காது. ஒன்றுமில்லை என்று சிரித்துக்கொண்டே படுத்திருப்பவர், வலது பக்கம் அடிவயிற்றில் விரல் பட்டதும் முகத்தைச் சுளிப்பார். அதனால்தான் நல்ல டாக்டர்கள் வயிற்றை அழுத்தும்போது வயிற்றைப் பார்க்க மாட்டார்கள், நோயாளியின் முகத்தைப் பார்ப்பார்கள். கையையும் முதலில் உரசிச் சூடாக்கிக்கொள்வார்கள். சில்லென்ற கை பட்டால் வயிறு தானாகவே இறுகிவிடும், அப்புறம் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

அந்த வரியில் வரும் சாஃப்ட் வேறு சங்கதி. உள்ளே சீழ், ரணம், குடலில் ஓட்டை என்று ஏதாவது பெரிசாக இருந்தால் வயிறு பலகை மாதிரி விறைத்துவிடும். அப்படி விறைக்கவில்லை, கை வைத்தால் அமுங்குகிறது, அதுதான் சாஃப்ட். அதாவது நல்ல செய்தி. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது: "வயிறு இறுக்கமாக இல்லை, அழுத்தினால் வலி இல்லை."

---

டீக்கடை பெஞ்ச்

நான்-டெண்டர் என்றதும் பொதுப்பணித்துறை வேலையை டெண்டர் விடாமலே கொடுத்துவிட்டார்கள் போல என்று நினைத்துவிட்டேன்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

பெஞ்ச் தம்பி, உங்கள் டெண்டர் வேறு குடும்பம். ஒப்பந்தப்புள்ளி டெண்டருக்கு லத்தீனில் 'நீட்டுதல்' என்று பொருள்படும் வினைச்சொல்தான் மூலம். விலையை எழுதி எதிரே நீட்டுகிறோம் அல்லவா, அது. நீராவி எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமந்து போன டெண்டர் 'அட்டெண்ட்' என்பதன் தேய்வு, கூடவே இருந்து கவனிப்பது. நர்ஸ் அம்மா சொன்ன டெண்டர் மூன்றாவது. 'டெனெர்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. பொருள், இளசு, நொய்யது.

ஜென்டில் என்ற சொல்லின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. முதலில் அதற்கும் மென்மைக்கும் சம்பந்தமே கிடையாது. லத்தீனில் 'கென்ஸ்' என்றால் குலம். ஒரே குலத்தைச் சேர்ந்தவன் என்பதற்கு ஒரு சொல், அது பழைய பிரெஞ்சில் 'நல்ல குடியில் பிறந்தவன்' என்றாகி ஆங்கிலத்துக்குள் வந்தது. ஜென்டில்மேன் என்றால் முதலில் குடிப்பிறப்பு உள்ளவன், அவ்வளவுதான். அப்படிப் பிறந்தவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்ததே, பிறப்பு பின்னால் போய் அந்த நடத்தை மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. கைண்ட் என்பதும் இதே வழிதான். 'கின்' என்ற உறவுச் சொல்லுக்குச் சொந்தக்காரன்.

நமக்கு இது புதிதா என்ன? குறளில் குடிமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. நல்ல குடிக்கு அடையாளமாக அங்கே சொல்லப்படுவது நான்கு: மலர்ந்த முகம், கொடை, இன்சொல், பிறரை இகழாமை. ஜென்டில் என்ற சொல் ஆங்கிலத்தில் நடந்து முடித்த அதே தூரம்.

---

வைகைக்கரையான்

நர்ஸ் அக்கா, வாத்தியார் ஐயா, நன்றி. டிஸ்சார்ஜ் சம்மரி வட்டம் போச்சு. ஆனால் ஜென்டிலும் மைல்டும் இன்னும் பிரியவில்லை. "மைல்ட் ஷாம்பு" என்றும் இருக்கிறது, "ஜென்டில் ஷாம்பு" என்றும் இருக்கிறது. ஒரே பாட்டிலில் ரெண்டும் இருக்கிறது!

---

பீளமேடு லேத்

தமிழ் இலக்கியமெல்லாம் நமக்கு வராதுங்க. ஆனா மைல்ட் என்ற சொல் எங்க பட்டறையில் தினமும் புழங்குகிற சொல். எம்.எஸ். ஆங்கிள், எம்.எஸ். ராடு, எம்.எஸ். பிளேட் என்று சொல்கிறோமே, அந்த எம் தான் மைல்ட். மைல்ட் ஸ்டீல். வீட்டு கேட்டிலிருந்து கிரில் வரைக்கும் அதுதான்.

அது ஏன் மைல்ட்? அதில் கார்பன் கம்மி, கால் சதவீதத்தைத் தாண்டாது. கார்பன் ஏறினால் இரும்பு கடினமாகும், கூடவே முறிகிற குணமும் ஏறும். மைல்ட் ஸ்டீலை வளைக்கலாம், வெல்டு வைக்கலாம், சொன்ன பேச்சு கேட்கும். அதுக்காக அதை ஜென்டில் ஸ்டீல் என்று எவனும் சொல்ல மாட்டான். காலில் விழுந்தால் தெரியும் அது ஜென்டிலா என்று.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மைல்ட் என்றால் பொருளுக்குள்ளே என்ன எவ்வளவு கலந்திருக்கிறது என்கிற கணக்கு. ஜென்டில் என்றால் அது உங்ககிட்டே எப்படி நடந்துக்குது என்கிற சமாச்சாரம். சரக்கு மைல்ட், கை ஜென்டில்.

---

அடுப்படி அரசி

லேத் அண்ணா ஒரே வரியில் முடித்துவிட்டார். சமையல்கட்டிலும் இதே கதைதான். குருமா மைல்ட், சீஸ் மைல்ட், மிளகாய் மைல்ட். எதுவும் ஜென்டில் கிடையாது. ஆனால் "ஜென்டிலாகக் கிளறவும்" என்று கேக் குறிப்பில் வரும். ஏனென்றால் கிளறுவது கை செய்கிற வேலை.

வைகைத் தம்பி, உங்கள் ஷாம்புக்கு ஒரு வழி தோன்றுகிறது. மைல்ட் குழம்பு என்றால் காரம் குறைந்த குழம்பு. மைல்ட் சோப்பு என்றால்? அதுவும் காரம் குறைந்த சோப்புதான்! சோப்பில் இருக்கிற காரமும் மிளகாயில் இருக்கிற காரமும் தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்துக்காரன் மைல்ட் என்று ஒன்றைச் சொல்லி ரெண்டையும் சமாளிக்கிறான், நாம் காரம் என்று ஒன்றைச் சொல்லி அதே ரெண்டையும் சமாளிக்கிறோம்.

டெண்டர் விஷயத்தில் வாத்தியார் ஐயா "இளசு" என்றதோடு நிறுத்திவிட்டார். அதுதான் முக்கியமே. வெண்டைக்காய் வாங்கும்போது நுனியை ஒடித்துப் பார்க்கிறோமே, பட்டென்று ஒடிந்தால் டெண்டர், நார் இழுத்துக்கொண்டு வளைந்தால் முற்றல். இளநீருக்கு இங்கிலீஷில் டெண்டர் கோகோநட். கறி பஞ்சாக வெந்திருந்தால் டெண்டர். ஆனால் இட்லி எவ்வளவு பஞ்சாக இருந்தாலும் டெண்டர் இட்லி என்று ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், சாஃப்ட் இட்லிதான். ஏனென்றால் இட்லி முற்றாது. முற்றிப்போகக் கூடிய பொருளுக்குத்தான் டெண்டர் என்ற சொல் ஒட்டும். நார் இருக்க வேண்டும், இல்லை வயசு ஆக வேண்டும்.

---

வார்டு நம்பர் 7

அரசி, நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எங்கள் டெண்டரும் அதுதான். பிஞ்சு மேலே நகம் பட்டால் தழும்பு விழும். நொந்த இடத்தில் விரல் பட்டால் வலிக்கும். ரெண்டிலும் தொட்டால் தாங்காது என்பதுதான் உள்ளே இருக்கிற சேதி. டெண்டர் ஹார்ட் என்பதும் அப்படித்தான், பிறத்தியார் வலி பட்டால் உடனே நோகிற மனசு.

---

டீக்கடை பெஞ்ச்

இளகிய மனசு.

---

பாய்மரம்

சரக்குக் கப்பலில் பதினோரு வருஷம் இருந்தவன். லேத் அண்ணன் சொன்னதோடு முக்கால்வாசி ஒத்துப்போகிறேன். மீதிக் கால்வாசிக்குக் காற்றைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

கடலில் காற்றின் பலத்தைச் சொல்ல போஃபர்ட் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1805-இல் பிரான்சிஸ் போஃபர்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி போட்ட அடித்தளம், பின்னால் பலர் திருத்தினார்கள். இன்றைய அளவில் சுழி என்றால் அசைவே இல்லாத கடல். ஒன்று 'லைட் ஏர்', இரண்டு 'லைட் பிரீஸ்', மூன்று 'ஜென்டில் பிரீஸ்', நான்கு 'மாடரேட் பிரீஸ்'. இப்படியே பன்னிரண்டில் சூறாவளி.

கவனித்தீர்களா, ஜென்டில் என்பது லைட்டை விடப் பெரியது! லைட் பிரீஸ் 4 முதல் 6 நாட், அதாவது மணிக்கு அத்தனை கடல் மைல். முகத்தில் காற்று படுவது தெரியும், இலை சலசலக்கும், அத்தோடு சரி. ஜென்டில் பிரீஸ் 7 முதல் 10 நாட். இலையும் சின்னக் கொப்பும் நிற்காமல் ஆடும், லேசான கொடி விரிந்து பறக்கும், கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளை நுரை தலை காட்டும். பாய் விரித்துப் போகிறவனுக்குக் கப்பலைத் தள்ளக்கூடிய காற்று அது.

ஆக ஜென்டில் என்றால் பலம் இல்லை என்று அர்த்தமில்லை. பலம் இருக்கிறது, உங்களைப் படுத்தவில்லை, அவ்வளவுதான். பலமே இல்லாத காற்றுக்கு அந்தச் சொல் வீண். அதனால்தான் ஆறரை அடி உயரமுள்ள ஒருவரை 'ஜென்டில் ஜயண்ட்' என்கிறார்கள், 'மைல்ட் ஜயண்ட்' என்பதில்லை. ஈயை யாராவது ஜென்டில் என்பார்களா?

இன்னொன்று. தூண்டிலில் மாட்டுகிற புழுவுக்கு இங்கிலாந்தில் ஜென்டில் என்றே பெயர் உண்டு. அது எந்தக் குலத்தில் பிறந்தது என்று வாத்தியார் ஐயாதான் சொல்ல வேண்டும்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

புழுவுக்கு நான் பொறுப்பில்லை! ஆனால் பலத்தைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒரு சான்று தருகிறேன். ஜென்டில் வினைச்சொல்லாகவும் வரும். முரட்டுக் குதிரையைப் பழக்குவதற்கு ஆங்கிலத்தில் ரெண்டு வினைகள்: 'பிரேக்' செய்வது, 'ஜென்டில்' செய்வது. முதலாவது சாட்டையும் கடிவாளமுமாக அதன் திமிரை ஒடிப்பது. இரண்டாவது தடவிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, பயம் போக்கிப் பழக்குவது. ஒடித்த குதிரை அடங்கிக் கிடக்கும். ஜென்டில் ஆன குதிரையிடம் அதே வேகம் அப்படியே இருக்கும், உங்களைக் கீழே தள்ளாது.

---

யாழ்தேவிப் பயணி

நான் லண்டனில் இருக்கிறேன், ஊர் சாவகச்சேரி. இந்தச் சொற்களால் நான் பட்ட பாட்டையும் எழுதி விடுகிறேன்.

எங்களோடு வேலை செய்த ஒரு பெடியனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கிற மாதிரி இருந்தது. அவனைப் பற்றி இரண்டு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். நல்ல பிள்ளை, குரல் உயர்த்திப் பேசமாட்டான், ஒருத்தரையும் நோகடிக்க மாட்டான். நான் "ஹி இஸ் எ வெரி சாஃப்ட் பெர்சன்" என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் எங்கள் மேலாளர் கூப்பிட்டு, "இவனுக்கு வேலை கிடைக்கக் கூடாது என்று நினைக்கிறாயா?" என்று கேட்டார். இங்கே ஒருத்தரை சாஃப்ட் என்றால் தைரியம் இல்லாதவர், யாரும் ஏமாற்றலாம் என்று பொருள் போகும். "டோண்ட் பி சாஃப்ட்" என்றால் விசர்க் கதை கதைக்காதே என்று அர்த்தம். கடைசியில் ஜென்டில் என்று மாற்றினேன். குரலை மட்டும் சொல்வதென்றால் 'சாஃப்ட்-ஸ்போக்கன்', அதில் பிழையில்லை.

நாங்கள் தமிழில் "அவர் சரியான சாஃப்ட்" என்று புகழ்ந்து சொல்கிறோமே, அந்த சாஃப்ட் தமிழ்ச் சொல்லாகிவிட்டது. அதைத் திருப்பி ஆங்கிலத்துக்குள் கொண்டுபோனால்தான் வில்லங்கம்.

---

ஐ.டி. கூலி

அக்கா, 'சாஃப்ட் கார்னர்' என்று இங்கே எல்லாரும் சொல்கிறோம், வெளிநாட்டு கிளையன்ட்டிடம் சொன்னால் முழிக்கிறான். அவர்கள் ஊரில் அது 'சாஃப்ட் ஸ்பாட்'.

எனக்கு இதில் பெரிய காமெடி 'ஜென்டில் ரிமைண்டர்' தான். முதல் மெயிலில் ஜென்டில் ரிமைண்டர். நாலு நாள் கழித்து அதே தலைப்பில் இன்னொரு ஜென்டில் ரிமைண்டர், மேனேஜர் சிசியில். பாய்மரம் அண்ணன் சொன்ன விளக்கத்தைப் படித்த பிறகுதான் புரிகிறது, அதில் ஜென்டில் எங்கே இருக்கிறது என்று. "என்னால் உன்னை மாட்டிவிட முடியும், இப்போதைக்குச் செய்யவில்லை." மைல்ட் ரிமைண்டர் என்று ஒருவரும் அனுப்புவதில்லை.

---

தாமிரபரணி பிரசங்கி

மீக் என்ற சொல்லை யாரும் தொடவில்லையே? எங்கள் ஆலயத்தில் இதை வைத்து ஒரு வருஷம் சண்டை போட்டிருக்கிறோம். இயேசுவின் மலைப்பிரசங்கத்தில் வருகிற சொல் அது. பழைய தமிழ் வேதாகமத்தில் "சாந்தகுணமுள்ளவர்கள்" என்று இருக்கும், கத்தோலிக்கர் வாசிக்கிற திருவிவிலியத்தில் "கனிவுடையோர்". சாந்தமும் கனிவும் ஒன்றா? சாந்தம் என்றால் தனக்குள் கொதிப்பு இல்லாதது. கனிவு எதிரே ஆள் இருந்தால்தான் வெளிப்படும். நான் சாந்தம் பக்கம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் ரொம்ப இறங்கிப் போய்விட்டது. பழைய நோர்ஸ் மொழியில் வளைந்து கொடுப்பது, இளக்கமானது என்ற பொருளில் இருந்த சொல், இன்றைக்கு யாரையாவது மீக் என்றால் வாயில்லாப் பூச்சி என்று ஏளனம் செய்கிற மாதிரி. ஆனால் வேதாகமம் மோசேயைத்தான் பூமியிலுள்ள எல்லாரையும் விட மீக் என்கிறது. எகிப்து மன்னன் பார்வோன் முன்னால் போய் நின்றவர். கோபத்தில் கற்பலகைகளை மலையடிவாரத்தில் போட்டு உடைத்தவர். அவரை வாயில்லாப் பூச்சி என்று யார் சொல்வது?

---

பீளமேடு லேத்

சாது மிரண்டால் காடு கொள்ளாது!

---

தாமிரபரணி பிரசங்கி

சரியாகச் சொன்னீர்கள் லேத் அண்ணாச்சி. ஆனால் ஒரு வித்தியாசம். ஜென்டில் என்பவன் தனக்குக் கீழே இருப்பவனிடம், தன்னை விட நொய்ந்தவனிடம் எப்படி நடக்கிறான் என்பது. மீக் என்பவன் தனக்கு மேலே இருப்பவன் முன், தனக்கு எதிராக வருபவன் முன் எப்படி நிற்கிறான் என்பது. குழந்தையிடம் ஜென்டிலாக இருக்கலாம், மீக்காக இருக்க முடியாது. நம்ம ஊர் 'சாது' ரெண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது, மாட்டுக்கும் சொல்லலாம், மாப்பிள்ளைக்கும் சொல்லலாம்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

பிரசங்கியாரே, மேலே கீழே கணக்கு முழுசாகப் பொருந்தாது. நோய்வாய்ப்பட்ட அப்பாவிடம் மகன் ஜென்டிலாக இருக்கிறான், அப்பா அவனுக்குக் கீழேயா?

---

தாமிரபரணி பிரசங்கி

படுத்த படுக்கையில் இருக்கும்போது பலம் மகன் கையில்தானே ஐயா இருக்கிறது. நான் பதவியைச் சொல்லவில்லை.

---

வைகைக்கரையான்

நீங்கள் ரெண்டு பேரும் இதற்குத் தனி இழை தொடங்கலாம். எனக்கு வேலை முடிய வேண்டும்! வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு பட்டனுக்கு 'டெலிகேட்ஸ்', இன்னொன்றுக்கு 'ஜென்டில் வாஷ்'. ரெண்டுக்கும் "மென்மையான சலவை" என்று போட்டிருந்தேன். ஒரே மெஷினில் ஒரே பெயரில் ரெண்டு பட்டன். இப்போது புரிந்த வரைக்கும் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள்: டெலிகேட் என்பது துணி, ஜென்டில் என்பது மெஷின். பட்டு, ஜரிகை, லேஸ் இதெல்லாம் கசக்கினால் கெட்டுவிடும், அது துணியின் குணம். மெஷின் மெதுவாகச் சுற்றுகிறது, அது மெஷினின் குணம். எனவே முதல் பட்டன் "நொய்ந்த துணிகள்", இரண்டாவது "மெதுவான சலவை".

---

அடுப்படி அரசி

நொய்ந்த துணி என்றால் நைந்து கிழிந்த பழைய துணி என்று எடுத்துக்கொள்வார்கள் தம்பி. "பட்டு, மெல்லிய துணிகள்" என்றே போடுங்கள். பட்டனைப் பார்க்கிறவருக்குத் தன் புடவை அதில் அடங்குமா என்று தெரிந்தால் போதும்.

---

வைகைக்கரையான்

சரி அக்கா, அப்படியே. கடைசியாக ஒன்று. மருத்துவத் துண்டுப் பிரசுரத்தில் "மைல்ட் ஃபீவர்" வருகிறது. மென்மையான காய்ச்சல் என்று இருந்ததை "மிதமான காய்ச்சல்" என்று மாற்றிவிட்டேன்.

---

வார்டு நம்பர் 7

நிறுத்துங்கள், அது ஆபத்து! ஆஸ்பத்திரியில் மைல்ட், மாடரேட், சிவியர் என்று மூன்று படி. மிதமான என்பது நடுப்படிக்கு வேண்டும். முதல் படிக்கே அதைக் கொடுத்துவிட்டால் நடுப்படிக்கு எங்கே போவீர்கள்? வானிலை அறிக்கையைக் கேளுங்கள்: "லேசானது முதல் மிதமான மழை". அங்கே லைட்டுக்கு லேசான, மாடரேட்டுக்கு மிதமான. அவர்கள் கணக்கில் 24 மணி நேரத்தில் 64.4 மில்லிமீட்டர் வரைக்கும் பெய்தாலும் மிதமான மழைதான், எங்கள் தெருவில் முழங்கால் தண்ணி நிற்கும். ஆகவே மைல்ட் என்றால் "லேசான". லேசான காய்ச்சல், மிதமான காய்ச்சல், கடுமையான காய்ச்சல்.

இந்தச் சொல்லால் நடந்த கூத்தைக் கொரோனா சமயத்தில் பார்த்தேன். மூச்சுத் திணறல் இல்லை, ஆக்சிஜன் குறையவில்லை என்றால் எங்கள் வகைப்படுத்தலில் மைல்ட். ஆனால் அந்த மைல்டில் பத்து நாள் எழுந்திருக்க முடியாமல் உடம்பு முறிந்து கிடந்தவர்கள் உண்டு. "மைல்ட் என்று சொன்னீங்களே சிஸ்டர்" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார்கள். 'மைல்ட் அட்டாக்' என்றால் அதற்கு மேல். "லேசாகத்தான் வந்தது" என்று மறுநாளே வயலுக்குப் போகிறேன் என்று நிற்பார்கள். மைல்ட் என்பது நோயோடு நோயை ஒப்பிட்டுச் சொல்வது, நோயாளிக்கு எப்படி இருக்கும் என்று சொல்வது இல்லை. லேத் அண்ணன் சொன்ன மாதிரி, காலில் விழுந்தால்தான் தெரியும்.

---

ஐ.டி. கூலி

சிகரெட்டிலும் இதே ஏமாற்றுதான். பெட்டியில் மைல்ட் என்று இருந்தால் நுரையீரலுக்கு ஜென்டில் என்று நம்பிப் புகைத்தார்கள். அமெரிக்காவில் 2009-இல் வந்த சட்டம் லைட், மைல்ட், லோ என்ற சொற்களைப் பெட்டியில் போடக் கூடாது என்று தடுத்தது.

---

பாய்மரம்

சாஃப்டுக்கும் ஒரு நல்ல சான்று உண்டு. சந்திரயான்-3 2023 ஆகஸ்ட் 23-இல் இறங்கியதைச் சாஃப்ட் லேண்டிங் என்றார்கள், நம்ம பத்திரிகைகள் "மென்மையாகத் தரையிறங்கியது" என்று எழுதின. நொடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் வேகத்தில் கால் ஊன்றுவதாகத் திட்டம். அது பூ விழுகிற வேகம் இல்லை. சாஃப்ட் என்றால் அங்கே உடையாமல், வேலை செய்கிற நிலையில் போய்ச் சேர்வது. மோதி நொறுங்கினால் ஹார்ட் லேண்டிங். நர்ஸ் அம்மாவின் பலகை வயிற்றுக்கு எதிரே இருக்கிற சாஃப்ட் மாதிரிதான். எதிர்ப்பதம் என்ன என்று பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் தீரும்.

---

யாழ்தேவிப் பயணி

தம்பி, அந்த ஷாம்பு என்ன ஆனது? "பிறந்த குழந்தைக்கும் ஜென்டில்" என்று போட்டிருப்பார்களே, அதை எப்படி எழுதினீர்கள்?

---

வைகைக்கரையான்

"பச்சிளம் குழந்தைக்கும் மென்மையானது" என்று இருந்தது அக்கா. மைல்ட் வந்த இடத்தில் அரசி அக்கா சொன்னபடி காரம் குறைந்தது என்று போட்டுவிட்டேன். இது மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தேன், எல்லாவற்றிலும் குழந்தைதான் மென்மையாகிறதே தவிர ஷாம்பு ஆகமாட்டேன் என்கிறது.

---

யாழ்தேவிப் பயணி

என் அம்மா புதுச் சோப்பு வாங்கினால் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ?"

---

வைகைக்கரையான்

ஒத்துக்கொள்ளும்! "பச்சிளம் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும்." அக்கா, கும்பிடுகிறேன். இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட வரி இது.

எல்லாவற்றையும் திருத்தி இப்போதுதான் அனுப்பினேன். பதினாலு மென்மையில் பதிமூன்று போய்விட்டது. மிச்சம் ஒன்று மெத்தை விளம்பரத்தில், 'சாஃப்ட் மேட்ரஸ்'. அதை மட்டும் தொடவில்லை. மெத்தைக்கு மென்மை என்று சொன்னால் யாரும் சண்டைக்கு வர முடியாது.

---

டீக்கடை பெஞ்ச்

மெத்தைக்கு "மெத்தென்று" என்று போடாமல் அனுப்பிவிட்டீர்களா?

---

வைகைக்கரையான்

அடப்பாவி. இருங்கள், இன்னொரு மெயில் போட்டுவிட்டு வருகிறேன்.

---

ஐ.டி. கூலி

தலைப்பில் ஜென்டில் ரிமைண்டர் என்று போடுங்கள்.